சாயம் இறங்கியதா, சுருங்கியதா? குவில்ட் துணியை முன்கூட்டியே துவைப்பது பற்றி, கோளாறு வாரியாக

புடவைக்கு ஃபால்ஸ் தைக்கக் கொடுத்தால், டெய்லர் அக்கா ஊசியை எடுப்பதற்கு முன் அந்த ஃபால்ஸைத் தண்ணீரில் முக்கி, கொடியில் உலர்த்தி, இஸ்திரி போட்டுவிடுவார். ஜாக்கெட் லைனிங்குக்கும் அதே வழக்கம்தான். நனைக்காமல் தைத்தால் முதல் துவைப்பில் ஃபால்ஸ் மட்டும் சுருங்கி, புடவையின் கரையைப் பிடித்து இழுத்து, ஓரம் முழுக்கச் சுருக்கம் விழுந்து நிற்கும். குவில்ட்டிலும் இதே கதைதான். அங்கே இரண்டு துணி. இங்கே மேல்பக்கத்தில் மட்டுமே பத்து, இருபது வகைத் துணி, அதற்கடியில் பஞ்சு, பின்பக்கத்துக்கு இன்னொரு துணி.

நம் வீடுகளில் பழைய புடவையையும் வேட்டியையும் அடுக்கித் தைத்த போர்வைகளுக்கு இந்தத் தொல்லை வந்ததில்லை. நூறு முறை துவைத்த துணியில் சுருங்குவதற்கும் சாயம் போவதற்கும் மிச்சம் எதுவும் இருக்காது. புதுத் துணியை வெட்டித் தைக்க ஆரம்பித்த பிறகுதான் துவைக்கணுமா வேண்டாமா என்ற கேள்வியே வருகிறது. குவில்ட்டுக்கென்றே நெய்த காட்டனை ஒரே மில்லிலிருந்து வாங்குபவர்கள் துவைக்காமலே தைக்கிறார்கள், பெரும்பாலும் நன்றாகவும் வருகிறது. நாம் அப்படி வாங்குவதில்லை. கட் பீஸ் கடையில் எடை போட்டு வாங்கியது கொஞ்சம், சுங்குடி கொஞ்சம், கலம்காரி அரை மீட்டர், ஜாக்கெட் பிட் நாலு, பின்பக்கத்துக்குக் காடாத் துணி. ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவுக்குச் சுருங்கும். அதனால் துவைத்துவிட்டுத் தையுங்கள் என்றுதான் நான் சொல்வேன். ஆனால் துவைப்பதாலும் சில கோளாறுகள் வரும். அவற்றையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன்.

உங்கள் துணி எந்தக் கோளாறைக் காட்டுகிறதோ அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம். நிறம் இறங்கிய குவில்ட் இப்போது ஈரமாக உங்கள் கையில் இருந்தால், முதல் பகுதியை உடனே படியுங்கள்.

"துவைத்து எடுத்தேன், சிவப்பு வெள்ளையில் இறங்கிவிட்டது"

காயவைக்காதீர்கள். இஸ்திரி போடாதீர்கள். குவியலாக ஒரு பக்கம் போட்டும் வைக்காதீர்கள். ஈரம் இருக்கும்வரை இறங்கிய சாயத்தை வெளியே எடுக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. சூடு பட்டுக் காய்ந்துவிட்டால் வேலை பல மடங்கு கூடும்.

பெரிய பாத்திரம் வேண்டும். பக்கெட் போதாது. குளியல் தொட்டி இருந்தால் நல்லது, இல்லையென்றால் பெரிய பிளாஸ்டிக் டிரம் அல்லது அண்டா. குழந்தைக் குவில்ட் அளவுக்கே 40 லிட்டர் தண்ணீர் வேண்டும். தண்ணீர் கை வைக்க முடியாத சூட்டில், சுமார் 60 டிகிரியில் இருக்கட்டும். பாத்திரம் தேய்க்கும் லிக்விட், நிறமோ பிளீச்சோ கலக்காததாகப் பார்த்து, கால் கப் விடுங்கள். குவில்ட் முழுக்க மூழ்க வேண்டும். மேலே மிதக்கிற இடத்தில் சாயம் அங்கேயே தங்கிவிடும், அதனால் தட்டோ கனமான மூடியோ வைத்து அமுக்குங்கள். அப்படியே எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் விடுங்கள். தண்ணீர் ஆறிப்போவதைப் பற்றிக் கவலை வேண்டாம். பிறகு தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பாருங்கள். தண்ணீர் நிறமாக இருந்தால் புதுச் சுடுதண்ணீர், புது லிக்விட், மறுபடி முதலிலிருந்து. தண்ணீர் தெளிவாக வரும்வரை இதைச் செய்ய வேண்டும். பட்டு, கம்பளித் துண்டுகள் சேர்ந்திருந்தால் மட்டும் இந்தச் சூடு கூடாது.

அக்கா மகளுக்குக் குழந்தை பிறந்தபோது சிவப்புச் சுங்குடியையும் வெள்ளைக் காடாவையும் கட்டம் கட்டமாக வைத்து ஒரு குவில்ட் தைத்தேன். இரண்டையும் துவைக்காமலே வெட்டியிருந்தேன். தைத்து முடித்து மெஷினில் போட்டு, துவைத்து முடிந்த பிறகு இரண்டு மணி நேரம் உள்ளேயே விட்டுவிட்டேன். எடுத்தபோது வெள்ளைக் கட்டங்கள் எல்லாம் ரோஸ். மேலே சொன்னபடி மூன்று முறை ஊறவைத்த பிறகு ஏறக்குறைய எல்லாம் போனது. தையல் ஓரமாக ஒரே ஓர் இடத்தில் மட்டும் மங்கலாக ஒரு கோடு இன்றும் இருக்கிறது.

அந்த இரண்டு மணி நேரம்தான் தவறு. சாயம் தண்ணீரில் கலந்து நிற்பதால் மட்டும் வெள்ளை கெடாது. ஈரத் துணிகள் ஒன்றன்மேல் ஒன்று அழுந்திக் கிடந்து மெல்லக் காயும்போதுதான் பக்கத்துத் துணியில் நன்றாக ஏறிக்கொள்கிறது. அதனால்தான் தண்ணீர் நிறைய, உடனே எடுத்து விரித்துப் போடுவது என்ற இரண்டும் இவ்வளவு முக்கியம்.

சுடுதண்ணீர் எதற்கு என்றால், இன்று பருத்திக்குப் போடும் சாயங்களில் பெரும்பாலானவை ரியாக்டிவ் சாயங்கள். அவை நூலோடு வேதியியலாகவே பிணைந்துகொள்பவை. பிணைந்த சாயம் சுலபத்தில் போகாது. ஆனால் சாயத் தொட்டியில் ஒரு பங்கு நூலோடு சேராமல் தண்ணீரோடு வினைபுரிந்துவிடும். அது நூலில் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும். பட்டறையில் சூடான சோப்புத் தண்ணீரில் பலமுறை அலசி இதை எடுத்திருக்க வேண்டும். அந்த அலசல் குறைந்த துணிதான் வீட்டுக்கு வந்து சாயம் விடுகிறது. ஒட்டியிருக்கும் இந்த மிச்சம் பச்சைத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக மாதக்கணக்கில் வரும். சூட்டில் சீக்கிரம் வந்து முடிந்துவிடும்.

கல் உப்பு போட்டு ஊறவை, வினிகர் விடு, படிகாரம் போடு என்று எல்லோரும் சொல்வார்கள். அம்மா சொல்லி நானும் பல வருஷம் உப்புப் போட்டிருக்கிறேன். உப்புத் தண்ணீரில் சாயம் குறைவாகக் கரையும், அதனால் அன்றைக்குத் தண்ணீர் தெளிவாகத் தெரியும். அடுத்த முறை வெறும் தண்ணீரில் போட்டதும் மறுபடி இறங்கும். உப்புக்கு வேலை இருப்பது சாயம் போடும் தொட்டியில். வினிகர் பட்டு, கம்பளிக்கான சாயத்தில் உதவும். படிகாரம் இயற்கைச் சாயம் போடும்போது சேர்க்க வேண்டியது. கடையிலிருந்து வந்த பருத்தித் துணியில் இந்த மூன்றும் சாயத்தை நிறுத்துவதில்லை.

நான்கைந்து முறை சுடுதண்ணீர் கண்டும் அதே அடர்த்தியில் நிறம் வந்துகொண்டே இருந்தால், அது நூலோடு பிணையாமல் ஒட்டி மட்டும் நிற்கும் பழைய வகை நேரடிச் சாயமாக (டைரக்ட் டை) இருக்கலாம். சூடு அதை இன்னும் கிளப்பும். அப்படிப்பட்ட துணி தைக்காமல் கையில் இருந்தால் வெள்ளையோடு சேர்க்காதீர்கள். சாயத்தை நிறுத்தும் ஃபிக்ஸர் என்று தனியாக ஒரு திரவம் சாயப்பொருள் கடைகளில் கிடைக்கும். அதைத் தைக்காத தனித் துணிக்குத்தான் போட வேண்டும். நிறம் இறங்கிய குவில்ட்டுக்குப் போட்டால், வெள்ளையில் ஏறிய ரோஸையும் அது சேர்த்தே நிறுத்தி வைத்துவிடும்.

சாயம் போவதே பெருமையாக இருந்த காலமும் உண்டு. 1960களில் மெட்ராஸ் கட்டம் போட்ட துணியை அமெரிக்காவில் சட்டையாகவும் கோட்டாகவும் விற்றபோது, நிச்சயம் சாயம் போகும் என்று சொல்லியே விளம்பரம் செய்தார்கள். ஒவ்வொரு துவைப்பிலும் கட்டங்கள் ஒன்றோடொன்று கலந்து மங்கி, சட்டை புதிய நிறத்துக்கு வரும். தனிச் சட்டைக்கு அது அழகுதான். வெள்ளையைப் பக்கத்தில் வைத்துத் தைக்கும் நமக்கு அதில் பயனில்லை.

"அலசுகிற தண்ணீரில் நிறம் வந்துகொண்டே இருக்கிறது, இதைத் தைக்கலாமா?"

தண்ணீரின் நிறத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். வெள்ளையில் ஏறுகிறதா என்பதுதான் கேள்வி. இரண்டு இஞ்ச் துண்டு வெட்டி, ஒரு கண்ணாடி டம்ளரில் சுடுதண்ணீரும் ஒரு சொட்டு லிக்விடும் விட்டு, அதே அளவு வெள்ளைத் துண்டு ஒன்றையும் சேர்த்துப் போடுங்கள். அரை மணி நேரம் கழித்து இரண்டையும் எடுத்து, ஒன்றன்மேல் ஒன்று வைத்து அமுக்கிக் காயவிடுங்கள். குவியலில் கிடக்கும்போது என்ன நடக்குமோ அது அந்தச் சின்னத் துண்டில் தெரிந்துவிடும். வெள்ளை வெள்ளையாகவே இருந்தால் தாராளமாகத் தைக்கலாம்.

அவுரி நீலம் வேறு மாதிரி. அது நூலுக்குள் முழுக்கப் போகாமல் மேலாகப் படிந்திருக்கும், தேய்த்தால் கையில் ஒட்டும். அதற்கு டம்ளர் சோதனையோடு, உலர்ந்த வெள்ளைத் துணியால் பத்து முறை தேய்த்தும் பாருங்கள். தைக்கும்போதே விரல் நீலமானால் இன்னும் இரண்டு துவைப்பு வேண்டும். இயற்கைச் சாயக் கலம்காரியில் கடுக்காய் போட்டிருப்பார்கள். முதல் தண்ணீரில் பழுப்பு மஞ்சளாக வருவது அதுதான். காரம் அதிகமுள்ள சோப்பு அதற்கு ஆகாது, மிதமானதாகப் போட்டு நிழலில் உலர்த்துங்கள்.

"குவில்ட் முழுக்கச் சின்னச் சின்னச் சுருக்கம்"

மேற்பரப்பு முழுவதும் ஒரே சீராக, தையல் கோடுகளுக்கு இடையில் மெல்லிய மடிப்பு விழுந்திருந்தால் அது கோளாறே இல்லை. பருத்திப் பஞ்சு ஷீட்டும் 3 முதல் 5 சதவீதம் சுருங்கும். அது சுருங்கும்போது மேல் துணியை இழுத்துக்கொள்கிறது. பழைய போர்வை போன்ற அந்தத் தோற்றத்துக்காகவே துவைக்காமல் தைப்பவர்கள் நிறைய. துணி, பஞ்சு இரண்டும் துவைக்காதது என்றால் சுருக்கம் அதிகம். துணியை மட்டும் துவைத்துத் தைத்தால் மிதமாக வரும். எனக்குப் பிடித்தது இந்த இரண்டாவது.

பஞ்சு பாலியஸ்டராக இருந்தால் நிலைமை மாறும். அது சுருங்காது. துவைக்காத துணி சுருங்கி, சுருங்காத பஞ்சை நெருக்கும்போது குவில்ட் ஆங்காங்கே உப்பி விறைப்பாக நிற்கும், மடித்தால் மடியாது. நம் கடைகளில் ஷீட்டாகக் கிடைப்பது பெரும்பாலும் பாலியஸ்டர்தான் என்பதால், இதை நினைவில் வைத்துக்கொண்டு துணியைக் கட்டாயம் துவையுங்கள்.

"ஒரே ஒரு கட்டம் மட்டும் இழுத்துப் பிடிக்கிறது"

என்னைக் கேட்டால் இதுதான் மிகவும் வருத்தம் தரும் கோளாறு, ஏனென்றால் தைத்த பிறகு இதற்கு முழு மருந்து கிடையாது. துவைத்ததும் துவைக்காததும் கலந்துவிட்டது, அல்லது சுருங்கும் துணியும் சுருங்காத துணியும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டது என்று பொருள்.

தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலை விறைப்பாக இழுத்துக் கட்டியிருப்பார்கள். சாயம் போடும்போதும் மெருகு ஏற்றும்போதும் துணி மறுபடி நீளவாக்கில் இழுபடும். தண்ணீர் பட்டதும் நூல் உப்பி, இழுபட்டது தளர்ந்து, துணி குறுகும். அதனால் நீளவாக்கில் அதிகமாகவும் அகலவாக்கில் குறைவாகவும் சுருங்குவதே வழக்கம். சாதாரண நெய்த பருத்தி 3 முதல் 5 சதவீதம். ஃப்ளானலும் வெளுக்காத காடாத் துணியும் அதைத் தாண்டும். பாலியஸ்டர் கலந்த ஜாக்கெட் பிட் கிட்டத்தட்ட அசையாது. மில்லிலேயே சுருக்கி எடுத்த சட்டைத் துணியும் அப்படித்தான், அதன் கரையில் சான்ஃபரைஸ்டு என்று அச்சிட்டிருக்கும். பத்து இஞ்ச் கட்டத்தில் 5 சதவீதம் என்றால் அரை இஞ்ச். பக்கத்தில் உள்ள கட்டம் சுருங்கவே இல்லையென்றால், அந்த அரை இஞ்ச் துணி எங்காவது மடிந்துதான் ஆக வேண்டும்.

சந்தேகமுள்ள துணியில் 20 சென்டிமீட்டர் சதுரம் ஒன்றைப் பேனாவால் குறித்து, துவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டு மறுபடி அளந்து பாருங்கள். 19 வந்தால் 5 சதவீதம். நீளம், அகலம் இரண்டையும் தனித்தனியாக அளக்க வேண்டும். பின்பக்கத் துணி வாங்கும்போதும் இந்தக் கணக்கு உதவும். துவைத்த பிறகு 90 இஞ்ச் வேண்டுமென்றால், 5 சதவீதச் சுருக்கத்துக்குக் கிட்டத்தட்ட ஐந்து இஞ்ச் சேர்த்தே வாங்குங்கள். பின்பக்கத்தை மட்டும் துவைக்காமல் வைத்துத் தைத்தால், முதல் துவைப்பில் குவில்ட்டின் நான்கு ஓரமும் பின்பக்கமாகச் சுருண்டுகொள்ளும். காடா போட்டவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள்.

ஏற்கெனவே தைத்தாகிவிட்டதா? குவில்ட்டை நனைத்து, தரையில் சுத்தமான விரிப்பின்மேல் போட்டு, சுருங்கிய கட்டத்தைக் கையால் மெல்ல நான்கு பக்கமும் இழுத்து, ஓரங்களைக் குண்டூசியால் விரிப்போடு குத்திக் காயவிடுங்கள். கால் இஞ்ச் வரை இப்படித் திரும்பக் கிடைக்கும். அடுத்த துவைப்பில் மறுபடி செய்ய வேண்டியிருக்கும். கட்டம் ரொம்பவே இழுத்தால், அதன்மேல் நெருக்கமாக ஓடு தையல் போட்டுச் சுருக்கத்தைப் பரவலாக்கலாம். நான் ஒருமுறை செய்தேன், பார்க்க நன்றாகவே இருந்தது.

"துவைத்துத்தான் தைத்தேன், ஆனாலும் சுருங்கியது"

எப்படித் துவைத்தீர்கள் என்று பாருங்கள். பச்சைத் தண்ணீரில் ஒருமுறை முக்கி எடுப்பது ஃபால்ஸுக்குப் போதும். மெஷினில் சுடுதண்ணீரில் போகப்போகும் குவில்ட்டுக்குப் போதாது. பருத்தியின் சுருக்கம் ஒரே துவைப்பில் முழுதாக முடிவதும் இல்லை, இரண்டு மூன்று துவைப்பு வரை மிச்சம் வரும். வெளிநாட்டில் இருக்கும் சொந்தத்துக்குத் தைத்து அனுப்பும்போது இது நன்றாகத் தெரியும். நாம் வெயிலில் உலர்த்திப் பழகியவர்கள். அங்கே டிரையரில் சூடாகச் சுழற்றி எடுப்பார்கள், அதில் துணி இன்னும் சுருங்கும். டொராண்டோவுக்கு அனுப்பும் குவில்ட் என்றால் துணியை இரண்டு முறை சுடுதண்ணீரில் துவைத்து, ஈரம் இருக்கும்போதே நல்ல சூட்டில் இஸ்திரி போட்டுத்தான் வெட்டுகிறேன். டிரையரில் போட வேண்டாம் என்று ஒரு சீட்டும் வைத்து அனுப்புகிறேன்.

"துவைத்த துணி துவண்டுபோய்விட்டது, கட்டங்கள் பொருந்தவே இல்லை"

கடையிலிருந்து வரும்போது துணியில் கஞ்சி இருக்கும். கைத்தறி என்றால் நெய்வதற்கு முன்பே பாவு நூலுக்குக் கஞ்சி போட்டிருப்பார்கள். துவைத்ததும் அது போய், துணி மெத்தென்று ஆகிவிடும். வெட்டும்போது நழுவும், குறுக்குவாட்டில் வெட்டிய ஓரங்கள் தைக்கும்போதே நீளும். கால் இஞ்ச் தையலில் எட்டு கட்டத்தைச் சேர்த்தால் வரிசை கோணலாகிவிடும். துவைக்காமல் தைப்பவர்கள் சொல்லும் நல்ல காரணம் இதுதான். அது உண்மையும்கூட.

பதில் எளிது, கஞ்சியைத் திரும்பப் போடுங்கள். இரண்டு மேசைக்கரண்டி ஜவ்வரிசியை ஒரு லிட்டர் தண்ணீரில் கண்ணாடி போல ஆகும்வரை காய்ச்சி, மெல்லிய துணியில் வடிகட்டி, இன்னொரு லிட்டர் தண்ணீர் சேர்த்துக்கொள்ளுங்கள். காட்டன் புடவைக்குப் போடுவதைவிடக் கொஞ்சம் கெட்டியாகவே இருக்கலாம். துணியை முக்கிப் பிழிந்து, உதறி, கொடியில் போட்டு, முக்கால் பங்கு காய்ந்ததும் இஸ்திரி போடுங்கள். பெட்டியைத் தேய்த்து இழுக்காமல் தூக்கித் தூக்கி வைத்து அழுத்துங்கள். இழுத்தால் இங்கேயே துணி கோணிவிடும். இப்படிச் செய்த துணி காகிதம் மாதிரி வெட்டுப்படும், கடைத் துணியைவிட எனக்கு இதில்தான் கட்டம் துல்லியமாக வருகிறது.

இரண்டரை இஞ்ச் பட்டைகளாகவும் ஐந்து இஞ்ச் சதுரங்களாகவும் வெட்டியே விற்கும் துணிகளை மட்டும் துவைக்காதீர்கள். பாதி பிசிறாகப் போய், மீதி கோணலாகத்தான் திரும்பும். அதை வைத்து முழுக் குவில்ட்டையும் துவைக்காத துணியிலேயே தைத்துவிடுங்கள். சாயச் சோதனையை மட்டும் ஓரத்தில் ஒரு நூலளவு துண்டு எடுத்துச் செய்யலாம்.

"பிசிறு, முறுக்கல், வெள்ளைக் கோடு"

வெட்டிய ஓரங்கள் நூல் நூலாகப் பிரிந்து, மெஷினில் எல்லாம் ஒன்றாகச் சிக்கிக்கொண்டால், துவைக்கும் முன் ஓவர்லாக்கோ ஜிக்ஜாக்கோ அடித்திருக்க வேண்டும். அரை மீட்டருக்குக் குறைவான துண்டுகளை நான் கையிலேயே அலசுவேன்.

துவைத்த துணியைக் கரையோடு கரை வைத்து மடித்தால் நடுமடிப்பு முறுக்கிக்கொள்கிறதா? வெட்டு ஓரங்களை நேராக்கப் பார்க்காதீர்கள். ஒரு கரையை அசையாமல் பிடித்து, மற்றொன்றை மடிப்பு தட்டையாகத் தொங்கும்வரை பக்கவாட்டில் நகர்த்துங்கள். அந்த நிலையில் ஓரத்தை நேராக வெட்டிக்கொள்ளலாம்.

அடர்நிறத் துணியில் வெளிறிய கோடுகள் வந்தால், மடித்தபடியே மெஷினில் போயிருக்கிறது. மடிப்பு தேய்ந்து நிறம் போன இடம் அது, திரும்ப வராது. அந்தக் கோட்டைத் தவிர்த்து வெட்டுங்கள்.

"தைக்கும்போது தும்மல், துணியில் ஒரு வாடை"

அச்சடித்த துணியில் மண்ணெண்ணெய் வாடை வருவது நிறப்பசை கலக்க அதைச் சேர்ப்பதால். சுருங்காமலும் கசங்காமலும் இருக்க ரசாயன மெருகு ஏற்றிய துணியும் சிலருக்குக் கண் எரிச்சலைக் கொடுக்கும். இரண்டுக்கும் ஒரு நல்ல துவைப்பும் ஒருநாள் காற்றோட்டமும் போதும். குழந்தைக்குத் தைப்பதென்றால் இதற்காகவே துவைத்துவிடுங்கள். இஸ்திரிச் சூட்டில் அந்த வாடை அத்தனையும் முதலில் வருவது தைப்பவரின் மூக்குக்குத்தான்.

கஞ்சியோடு அலமாரியில் அடுக்கி வைத்தால் ராமபாணப் பூச்சி தேடி வரும், கரப்பானும் விடாது. அதனால் வாங்கியதும் துவைத்து, கஞ்சி இல்லாமல் மடித்து வைத்து, வெட்டப் போகும் நாளில்தான் கஞ்சி போடுகிறேன். துவைக்கும் முன் ஒவ்வொரு துணியின் நான்கு மூலையிலும் முக்கோணமாகச் சின்னதாக ஒரு வெட்டு. அதனால் பிசிறும் குறைகிறது, அலமாரியில் பார்த்தவுடனே அடையாளமும் தெரிகிறது. மூலை வெட்டியிருந்தால் துவைத்த துணி. மூலை முழுதாக இருந்தால் அது இன்னும் தண்ணீர் காணாதது, நேராக பக்கெட்டுக்குப் போக வேண்டும்.